வலிக்காகக் காத்திருந்தவள்

ஹீம் பாடம் தொடங்கிய இருபதாவது நிமிடத்தில் சுண்டெலிக்கு இருப்புக் கொள்ளாமல் போனது. அவளுக்கு எந்த வகுப்பில்தான் இருப்புக் கொண்டது என்று கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டுவாள், பேனா மூடியைக் கடிப்பாள், அடுத்தவள் நோட்டை எட்டிப் பார்ப்பாள். வீட்டில் வைத்த செல்லப்பெயர் கல்லூரி வரைக்கும் தொடர்ந்து வந்து ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம். மருத்துவ உயிர்வேதியியலில் முதுகலை, இரண்டாம் ஆண்டு. இருபத்து மூன்று வயதாகியும் ஓட்டம் குறையவில்லை.

பேராசிரியை பலகையில் எட்டு அம்புக்குறிகள் போட்டிருந்தார்.

"இரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்கிறது ஹீம். உடம்பு அதை எட்டுப் படியில செய்யுது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. சிலருக்குப் பிறவியிலேயே மூணாவது படி நொதி பாதிதான் இருக்கும். சாதாரண நாள்ல சமாளிச்சுக்கும். பட்டினி கிடந்தா, சில மாத்திரை சாப்பிட்டா, மாதவிடாய்க்கு முந்தின நாட்கள்ல, வேலை திடீர்னு கூடும். மூணாவது ஆளால ஈடு கொடுக்க முடியாது. அரைகுறைச் சரக்கு தேங்கிடும். நரம்பு பாதிக்கும். வயிறு கிழியிற மாதிரி வலிக்கும், ஆனா தொட்டுப் பார்த்தா மெத்துன்னு இருக்கும். ஸ்கேன் எடுத்தா ஒண்ணும் இருக்காது. பல பேருக்கு வயித்தைத் திறந்து பார்த்துட்டு, ஒண்ணுமில்லைன்னு திரும்பத் தெச்சுடுவாங்க. உளறுவாங்க, அழுவாங்க. கடைசியில மனநல டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. இதுக்குப் பேர் போர்ஃபிரியா."

சுண்டெலி எழுந்து நின்றுவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை மேடம்."

"அப்போ உட்காரு."

உட்கார்ந்தாள். ஆனால் அதற்குப் பிறகு பேராசிரியை சொன்ன ஒரு வார்த்தையும் அவள் காதில் ஏறவில்லை. அவள் சித்தியின் வயிற்றில் இரண்டு தழும்புகள் இருந்தன. ஒன்று குடல்வால் எடுத்தது. எடுத்த குடல்வாலைச் சோதித்தவர்கள் அதில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்னொன்று, என்னவென்று பார்ப்பதற்காகவே திறந்தது. பார்த்தார்கள், மூடினார்கள்.

சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. நாற்பத்தொரு வயது. ஆயத்த ஆடை நிறுவனத்தில் பொத்தான் துளை போடும் இயந்திரத்தில் வேலை. சித்தப்பா அச்சகத்தில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. உறவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாய்ப் போய் இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்குவாள். இரண்டு நாள் நிற்க நேரமில்லாமல் ஓடிவிட்டு, சரியாக விசேஷத்தன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுவாள். கத்துவாள். சம்பந்தமில்லாமல் பேசுவாள். டாக்டர்கள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். நான்கைந்து நாளில் சரியாகிவிடும். இதுவே இருபது வருடக் கதை. உறவில் அவளுக்கு 'நாடகக் கம்பெனி' என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, சுண்டெலியின் அம்மாதான். அம்மா பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை. நிஜக் காய்ச்சலையும் பரீட்சைக் காய்ச்சலையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லிவிடுவதாக அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. "குழந்தை இல்லைன்னு ஏக்கம். யாராவது தன்னைப் பார்க்கணும்னு படுத்துக்கிறா. நான் முப்பது வருஷமா பார்க்காத நடிப்பா?" என்பாள்.

அன்று மாலையே சுண்டெலி பஸ் ஏறிச் சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, வலி வர்றதுக்கு முந்தின நாள் என்ன சாப்பிடுவீங்க?"

"என்னடி கேள்வி இது? கல்யாண வீட்டுல ஊருக்கே பரிமாறிட்டு நான் எங்க சாப்பிட? டீத் தண்ணியிலதான் ஓடும்."

"மாசத்துல எந்தத் தேதியிலே வரும்?"

சித்தி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "குளிக்கிறதுக்கு மூணு நாலு நாள் முன்னாடி. ஏன்?"

"ரொம்ப மோசமா எப்போ வந்துச்சு?"

"சிறுநீர்ல எரிச்சல்னு மாத்திரை கொடுத்தாங்களே, அந்த வருஷம். ஒரு மாசம் காலே எழும்பலை. உங்க அம்மா வந்து பார்த்துட்டு, எழுந்து நட, சரியாயிடும்னா."

பேராசிரியை வகுப்பில் சொன்ன பட்டியலை யாரோ சித்தியின் வாயில் வைத்து ஒப்பிக்கச் சொன்ன மாதிரி இருந்தது. சுண்டெலி பையிலிருந்து ஒரு பழுப்பு நிறப் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இதுல கொஞ்சம் சிறுநீர் பிடிச்சுக் கொடுங்க."

"வேற வேலை இல்லையாடி உனக்கு? இத்தனை டாக்டர் பார்க்காததை நீ பார்க்கப் போறியா?"

"பிடிச்சுக் கொடுங்க சித்தி. பரீட்சைக்கு வேணும்."

பரீட்சை என்றதும் கொடுத்தாள். மறுநாள் சோதித்தபோது ஒன்றுமே வரவில்லை. குழாயில் இருந்தது இருந்தபடி மஞ்சளாகவே நின்றது. பேராசிரியை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வலி இல்லாத நாள்ல சில பேருக்குக் கிடைக்காது. வலி வந்த அன்னைக்குப் பிடி. வெளிச்சம் படாம கொண்டா. அப்போ பார்க்கலாம்."

அன்றிலிருந்து பிடித்தது சனியன்.

சுண்டெலி சித்தி வீட்டுக் குளியலறை அலமாரியில் மூன்று பழுப்புப் பாட்டில்களைக் கொண்டுபோய் வைத்தாள். தினமும் போன் செய்தாள். மாதத் தேதிகளைக் கணக்குப் போட்டு நோட்டில் குறித்தாள். குறிப்பிட்ட நாட்கள் நெருங்கும்போது போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கும் நடைக்கூடத்துக்குமாக அலைந்தாள். படிக்க உட்கார்ந்தால் ஒரு பக்கத்தை நாலு தடவை படிப்பாள். இரத்தசோகை, இரத்தம் உறையாமை, அரிவாள் செல் நோய் எனப் புத்தகம் தன் பாட்டுக்கு விரிந்து கிடக்கும். அவள் கண் மட்டும் போன் மேலேயே இருக்கும்.

"சித்தி, எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"வயிறு?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"சரி சித்தி. வெக்கிறேன்."

ஒருநாள் இப்படிப் போனை வைத்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சித்தி நன்றாக இருக்கிறேன் என்று சொன்னதும் அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. முகம் கோணும் அளவுக்கு ஏமாற்றம். அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். தன் மேலேயே ஒரு அருவருப்பு வந்தது. இனிமேல் போன் செய்யக் கூடாது என்று முடிவெடுத்தாள். அந்த முடிவு மறுநாள் மதியம் வரைக்கும் தாங்கியது.

முதல் மாதம் போனது, இரண்டாவது மாதமும் போனது. மூன்றாவது மாதம், செய்முறைத் தேர்வன்று காலை ஒன்பது மணிக்குச் சித்தப்பா கூப்பிட்டார். ஒரு வாரமாக உறவில் ஒரு கல்யாண வேலை. சித்தி அங்கேயே கிடந்தாள்.

"உன் சித்திக்கு மறுபடியும் வந்துடுச்சும்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துட்டோம். இந்தத் தடவை பார்க்கவே முடியலை." என்றார். "நீ எப்பவும் கேட்பியே, அதான் சொன்னேன்."

சுண்டெலி வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். பின்னால் யாரோ, "பத்து மணிக்குத் தேர்வு" என்றது காதில் விழுந்தது.

அது நடுத்தரமான ஒரு ஆஸ்பத்திரி. இரண்டாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் சித்தி சுருண்டு கிடந்தாள். முழங்கால் மோவாயைத் தொட்டது. கத்தவில்லை, கத்துவதற்குத் தெம்பில்லாமல் முனகினாள். அம்மா கட்டில் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? பரீட்சையை விட்டுட்டா வந்தே? இவளுக்கு இது என்ன புதுசா?"

சுண்டெலி கட்டில் காலில் தொங்கிய அட்டையை எடுத்தாள். நாடித்துடிப்பு நூற்று இருபத்தெட்டு. இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. இரத்தப் பரிசோதனைத் தாளில் சோடியம் நூற்றுப் பத்தொன்பது. அவள் விரல் அந்த எண்ணிலேயே நின்றது. நடித்துக் காட்டினால் இரத்தத்தில் உப்பு இறங்காது.

சித்தப்பாவைப் பாட்டில் எடுத்துவரச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நர்ஸிடம் கேட்டு ஒரு பாட்டில் வாங்கினாள். சித்திக்குக் குழாய் போட்டிருந்தார்கள். பையில் இருந்த சிறுநீரைக் குனிந்து பார்த்தாள். கருந்தேநீர் நிறம். ஜன்னல் வெயில் அதன் மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"இது வேண்டாம். புதுசா வர்றதைப் பிடிச்சுக் கொடுங்க. வெளிச்சம் படக்கூடாது."

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாளோ, கொடுத்தாள். அதற்குள் இன்னொரு நர்ஸ் ஊசியோடு வந்தாள். தூக்கத்துக்கான மருந்து. சுண்டெலி பெயரைப் படித்தாள். ஆகாத மருந்துகள் என்று பேராசிரியை கொடுத்திருந்த பட்டியலில் முதல் வரியில் இருந்த இனம்.

"இதைப் போடாதீங்க."

"டாக்டர் எழுதியிருக்கார்மா."

"டாக்டரைக் கூப்பிடுங்க. அவர்கிட்ட நான் பேசுறேன்."

அறுவை சிகிச்சை டாக்டர் வந்தார். தூக்கம் இல்லாத கண்கள், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மத்தியானம் வயிற்றைத் திறந்து பார்ப்பதாக இருந்தார். சுண்டெலி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்: கல்யாண வீட்டுப் பட்டினி, மாதக் கணக்கு, எரிச்சல் மாத்திரை, இரண்டு தழும்பு, சோடியம்.

"நீங்க டாக்டரா?"

"இல்லை. கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி படிக்கிறேன்."

"படிக்கிறீங்க."

"ஆமா."

அம்மா குறுக்கே வந்தாள். "மன்னிச்சுக்கோங்க டாக்டர். புத்தகத்துல எதைப் படிச்சாலும் அது வீட்டுல யாருக்காவது இருக்குன்னு சொல்லும். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

சுண்டெலி அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரையே பார்த்தாள். "எனக்கு மூணு மணி வரைக்கும் நேரம் கொடுங்க. அந்த ஊசி வேண்டாம். வயித்தைத் திறக்க வேண்டாம். டிரிப்ல குளுகோஸ் ஏறட்டும், அதனால நஷ்டம் ஒண்ணும் இல்லை. மூணு மணிக்கு நான் வரலைன்னா உங்க இஷ்டம்."

டாக்டர் அட்டையை வாங்கிச் சோடியத்தை மறுபடி பார்த்தார். "வாந்தியில இறங்கியிருக்கும்னுதான் நினைச்சேன்," என்றார் தனக்குத்தானே. பிறகு, "ரெண்டரை" என்றார்.

பாட்டிலைக் கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அதன் மேல் தன் துப்பட்டாவைச் சுற்றி, குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். பஸ் ஆடி அசைந்து போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏற வேண்டியவர்கள் எல்லோரும் ஏறி முடிக்கும் வரை அவள் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அவளையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா அது, உடையிற சாமானா? இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கே?"

"சிறுநீர்" என்றாள் சுண்டெலி.

அடுத்த நிறுத்தத்தில் பக்கத்து இருக்கை காலியானது. அதற்கப்புறம் கல்லூரி வரும் வரை அங்கே யாரும் உட்காரவில்லை.

ஆய்வகத்தில் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அவளுடைய மேசை மட்டும் காலியாகக் கிடந்தது. ஒதுக்குப்புற அறையில் டெக்னீஷியன் இருந்தார். அவரைப் 'பொறுமை அண்ணன்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கட்டடம் தீப்பற்றி எரிந்தாலும் கையுறையைக் கழற்றி, கை கழுவி, துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார் என்று பேச்சு.

"அண்ணே, எர்லிச் கரைசல். சீக்கிரம்."

"பழசு இருக்கு. பழசுல செஞ்சா நம்ப முடியாது. புதுசாக் கலக்கணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆகிற நேரம் ஆகும்."

அவர் தராசைத் துடைத்தார். பொடியைச் சிட்டிகை சிட்டிகையாக வைத்தார். கூடிப்போனதை எடுத்தார், குறைந்ததை வைத்தார். சுண்டெலி அறைக்குள் நாலு எட்டு போனாள், நாலு எட்டு வந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே கால்.

"நீ நடக்கிறதுல தராசு ஆடுது," என்றார் பொறுமை அண்ணன். "வெளிய போய் நில்லு. சும்மா நிக்காதே, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல ஆளோட சிறுநீர் வேணும். உன்னோடதைக் கொண்டா."

கொண்டுவந்தாள். விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டு இரண்டு குழாய்களையும் தாங்கியில் வைத்தார்கள். இடதில் சித்தியுடையது, வலதில் அவளுடையது. கரைசலை ஊற்றியதும் இடது குழாய் ஒரு நொடி யோசித்தது போல் இருந்துவிட்டுச் சிவந்தது. நீலம் கலந்த அடர் சிவப்பு. வலது குழாய் அப்படியே இருந்தது.

"வந்துடுச்சு," என்றாள் சுண்டெலி. குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"வரலை. கல்லீரல்ல கோளாறு இருந்தாலும் இப்படிச் சிவக்கும். இரு."

அவர் குளோரோஃபார்மை ஊற்றி, மூடி, குலுக்கி, தாங்கியில் வைத்தார். இனி இரண்டு அடுக்காகப் பிரியும். சிவப்பு கீழே குளோரோஃபார்மோடு இறங்கினால் அவள் நினைத்தது தப்பு. மேலே நீரோடு நின்றால் சரி. பிரிவதற்கு மூன்று நிமிடம் கூட ஆகவில்லை. அவளுக்கு அது மூன்று மாதத்தைவிட நீளமாக இருந்தது. கீழ் அடுக்கு தெளிந்தது. கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் தெளிந்தது. சிவப்பு முழுவதும் மேலே நின்றது.

பொறுமை அண்ணன் அதோடு விடவில்லை. பியூட்டனாலிலும் ஒருமுறை செய்தார். அதிலும் சிவப்பு நீரை விட்டு நகரவில்லை. பிறகு கையுறையைக் கழற்றினார், கை கழுவினார், துடைத்தார், போய்ப் பேராசிரியையைத் தேர்வுக் கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்.

பேராசிரியை குழாயைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். "ஆஸ்பத்திரி நம்பர் சொல்லு" என்றார்.

அவர் டாக்டரோடு பேசும்போது மணி ஒன்றே முக்கால். சுண்டெலி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது. சந்தோஷமா என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

வயிற்றைத் திறக்கவில்லை. ஆபத்தான மருந்துகளின் பட்டியலைப் பேராசிரியை எழுதி அனுப்ப, டாக்டர் அதைக் கட்டில் காலிலேயே ஒட்டினார். குளுகோஸ் ஏறியது. ஹீமின் என்ற மருந்து வேறொரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாள் காலை ஐஸ் பெட்டியில் வந்து சேர்ந்தது. அதற்குள் சித்தியின் மணிக்கட்டுகள் துவண்டுவிட்டன. இரண்டு நாள் அவள் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் வலி இறங்கத் தொடங்கியது. ஐந்தாம் நாள், "பசிக்குது" என்றாள். சித்தப்பா நடைக்கூடத்துக்கு ஓடிவந்து எதிரே வந்த ஆயாவிடம், "பசிக்குதாம், பசிக்குதாம்" என்று சொன்னார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பத்தாம் நாள் சுண்டெலி அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டினாள். சித்திக்குக் காகிதத்தைப் பிடிக்க விரலில் வலு இல்லை. சுண்டெலி கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். சித்தி ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"யார் யார் கையெழுத்து போட்டிருக்காங்க?"

"பேராசிரியை, ஆய்வகத் தலைவர், அப்புறம் உங்க டாக்டர்."

"மூணு பேர்." என்றாள் சித்தி. "உங்க சித்தப்பாகிட்ட சொல்லி அச்சகத்துல ஒரு நூறு காப்பி அடிக்கச் சொல்லணும். எங்க கல்யாணத்துக்குக் கூப்பிட்ட எல்லாருக்கும் அனுப்பணும்."

சிரிப்பாள் என்று சுண்டெலி எதிர்பார்த்தாள். சித்தி சிரிக்கவில்லை. அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்ததை இனியும் வைத்திருக்க முடியாது என்று சுண்டெலிக்குத் தோன்றியது.

"சித்தி, நான் இதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். எப்போ வலி வரும்னு."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். உடனே உன் குரல் தொங்கிப் போயிடும். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"கோவமா?"

"ஆமா." சித்தி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "கோவம் இருக்கு. இந்தக் கையைப் பார், ஒரு பொத்தானைப் போட முடியலை. நீ கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அது வரப்போற மாதிரியே பயமா இருக்கும். ஆனா ஒண்ணு சொல்றேன். வரும்னு நீ நம்பினே. மத்தவங்க வந்தப்புறம்கூட நம்பலை."

அம்மா அன்று மாலை வந்தாள். அறிக்கையை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு தடவை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். மூன்றாவது முறையும் படித்தாள். முப்பது வருடம் மற்றவர்களுக்குத் தவறு கண்டுபிடித்துக் கொடுத்த பெண்ணுக்குத் தன் தவறை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"இதுல இரண்டாவது வரியில எழுத்துப் பிழை இருக்கு," என்றாள்.

சித்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அம்மா காகிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். வெளியே நடைக்கூடத்துக்குப் போனாள். சுண்டெலி பின்னால் போனபோது அவள் தண்ணீர்க் குழாய் அருகே நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"இது குடும்பத்துல வர்றதுன்னு எழுதியிருக்கு," என்றாள் முகத்தைத் துடைக்காமலே. "எனக்கும் பார்க்கணுமா?"

"பார்த்தா நல்லது."

"நாளைக்குக் காலைல வர்றேன். நீ எடுக்காதே. உனக்குக் கை நிக்காது."

பொறுமை அண்ணன்தான் எடுத்தார். இரத்தச் சிவப்பணுக்களில் அந்த மூன்றாவது நொதி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை. ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அம்மாவுக்கும் பாதிதான் இருந்தது. சித்திக்கு இருந்த அதே பாதி.

"அப்போ எனக்கு ஏன் வலிக்கலை?" என்று அம்மா பேராசிரியையிடம் கேட்டாள். கேட்ட விதத்தில் ஒரு புகார் இருந்தது.

"பல பேருக்குக் கடைசி வரைக்கும் வலிக்காது. காரணம் முழுசா யாருக்கும் தெரியாது. நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுறவங்களா?"

"மணி அடிச்ச மாதிரி."

"அதுவும் இருக்கலாம். அதிர்ஷ்டமும் இருக்கலாம்."

அம்மா அங்கிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. சுண்டெலியும் கூடப் போனாள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காராமல், முடிவுத் தாளைச் சித்தியின் மடியில் வைத்தாள். சித்தி குனிந்து படித்தாள். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"உனக்கும் இருக்காக்கா?"

"ம்."

"எங்கே, ஒரு தடவை நடிச்சுக் காட்டு பார்ப்போம்."

அம்மாவின் முகம் ஒரு கணம் கல்லாக இருந்தது. பிறகு உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. அப்படியே சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சித்தி அக்காவின் தோளில் சாயவில்லை, தள்ளியும் உட்காரவில்லை. இருபது வருடத்தை ஒரு மாலையில் பேசித் தீர்க்க முடியாது. ஆனால் அன்று அம்மா எழுந்து போய்ச் சமைத்தாள். ஏழரை மணிக்குத் தட்டு வைத்து, துவண்ட கைக்குக் கரண்டியைப் பிடித்துக் கொடுத்து, பள்ளிக்கூடக் குரலில், "முழுசாச் சாப்பிடு" என்றாள். சித்தி சாப்பிட்டாள்.

சுண்டெலியின் முறைதான் கடைசியாக வந்தது. அவளுடைய நொதி அளவு இரண்டுங்கெட்டானாக இருந்தது. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மரபணுச் சோதனைக்கு மாதிரியை வெளியே அனுப்பினார்கள். ஆறு வாரம் என்றார்கள். அந்த ஆறு வாரத்தில் அவள் தவறவிட்ட செய்முறைத் தேர்வைத் திரும்ப எழுதினாள். வாய்மொழித் தேர்வில், 'போர்ஃபிரியா நோயாளியை எப்படி அடையாளம் காண்பாய்?' என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார். சோடியம், சிறுநீரின் நிறம், இரண்டு அடுக்கு என எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "முதல்ல அவங்க சொல்றதை உட்கார்ந்து கேட்கணும் சார்" என்றாள். தேர்வாளர் அதற்கு மதிப்பெண் கொடுத்தாரா என்று தெரியாது.

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. இருக்கிறது. அவள் காகிதத்தோடு நடைக்கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஏழெட்டு தடவை நடந்தாள். அம்மாவுக்குப் போன் செய்ய எண்ணை அழுத்தினாள், அழித்துவிட்டாள். பிறகு பஸ் ஏறி ஆயத்த ஆடை நிறுவனத்து வாசலுக்குப் போனாள். சித்தி அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். இயந்திரத்தில் இன்னும் உட்கார வைக்கவில்லை, துணிகளைத் தரம் பிரிக்கும் மேசையில் போட்டிருந்தார்கள். இடைவேளை மணி அடித்ததும் வெளியே வந்தாள்.

சுண்டெலி காகிதத்தை நீட்டினாள். சித்தி இப்போது காகிதத்தைத் தானே பிடித்தாள், ஓரம் கொஞ்சம் ஆடியது. படித்து முடித்தாள்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்லை."

சித்தி காகிதத்தை நாலாக மடித்து அவள் கோட்டுப் பையில் போட்டாள். பையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"வராமலே போகலாம். உங்க அம்மாவுக்கு வரலையே. ஒருவேளை வந்தா முதல்ல எனக்குப் போன் பண்ணு. வேற யாருக்கும் விளக்கிக்கிட்டு நிக்காதே."

"சரி சித்தி."

"மத்தியானம் சாப்பிட்டியா?"

"இல்லை."

"வா," என்றாள் சித்தி. இருவரும் தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனார்கள். இடைவேளை முடிய இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.